ஆறு துண்டாக ஒரு நாவல்

டெபோரா புத்தகங்களை வெட்டுவாள். பத்திரிகைச் செய்தியை வெட்டி ஒட்டி வைக்கிற பழக்கம் அல்ல. முழுப் புத்தகத்தையே முதுகில் கத்தி வைத்து, கோழியை மூட்டுப் பார்த்துப் பிரிப்பது போலப் பிரித்துவிடுவாள். இருநூறு பக்கத்தைத் தாண்டிய எதுவும் அவள் வீட்டில் முழு உடம்போடு இருந்ததில்லை. பிரித்த துண்டுகளின் ஓரத்தில் துளை போட்டு, ஆபீசில் கோப்பு கட்டுகிற டேக்கைக் கோத்து ஒரு முடிச்சு. பாளையங்கோட்டையில் அரசு அலுவலகம் ஒன்றில் இருபத்தாறு வருஷமாகக் கோப்பு கட்டுகிறவளுக்கு அது கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை.

பழக்கம் தொடங்கியது பன்னிரண்டு வயதில். அப்பா அப்பாத்துரை பள்ளிக்கூட வாத்தியார். கோயில் பாடகர் குழுவில் தலைமைக் குரல். கதை வாசிக்கிற பெண்பிள்ளை கெட்டுப்போகும் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. எப்படிக் கெடும் என்று கேட்டால் மட்டும் சொல்லத் தெரியாது. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய தொடர்கதை பைண்டிங் ஒன்றை, பாட்டுப் புத்தகத்துக்குள் ஒளித்து ஆராதனையில் வாசிக்கப் பார்த்தாள் டெபோரா. பாட்டுப் புத்தகம் மூடவில்லை. ஐம்பது பக்கத்தைக் கிழித்து வைத்தாள். மூடியது. அடுத்த ஐந்து ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கங்களில் ஒரு கொலை, இரண்டு காதல், ஒரு கள்ளக் கையெழுத்து அத்தனையையும் முடித்தாள். தலை நிமிராமல் உட்கார்ந்திருந்த மகளின் பக்தியைப் பார்த்து அப்பாத்துரைக்குக் கண் கலங்கியதாம். அவர் சாகும்வரை டெபோரா அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

கல்யாணமாகி முக்கூடலுக்குப் போனாள். கணவர் தேவமணிக்கு நெல்லும் வாழையும். உரச் சாக்கின் பின்புறம் அச்சடித்திருப்பது போக அவருக்கு வேறு வாசிப்பு கிடையாது. அதைக் கடைசி எழுத்துவரை வாசிப்பார். டெபோராவுக்குக் காலையில் பாபநாசத்திலிருந்து வருகிற பஸ். ஜங்ஷன் வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல். அங்கிருந்து பாளைக்கு டவுன் பஸ். பாதி நாள் நின்றுகொண்டுதான் பயணம். ஒரு கை மேல்கம்பிக்கு, ஒரு கை புத்தகத்துக்கு. ஒரு கையில் எது நிற்குமோ அதுதான் அவளுக்குப் புத்தகம்.

வெள்ளிக்கிழமைகளில் ஆபீஸ் விட்டதும் அவள் நேரே வீட்டுக்குப் போவதில்லை. பாளை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு டீக்கடையில் நான்கு பேர் கூடுவார்கள். வாசித்ததைப் பேசுகிற கூட்டம் என்று சொல்லிக்கொள்வார்கள். பெரும்பாலும் மற்றவர் வாசிக்கிற லட்சணத்தைத் திட்டுகிற கூட்டம்.

மேலப்பாளையத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த அசன் மைதீன், எந்தப் புத்தகத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் தொடங்குவார். "யாரு மிஞ்சுதா, யாரு போறான்னு தெரிஞ்சிட்டா பதற்றம் இல்லாம வாசிக்கலாம்லா" என்பார். கடைசிப் பக்கம் பிடிக்கவில்லை என்றால் முதல் பக்கத்துக்கு வரவே மாட்டார். உவரிக்காரி லிண்டா கோர்ட்டில் தட்டச்சர். அவள் புத்தகம் தொட்டுப் பல வருஷம். போனில் யாரோ வாசிக்கக் கேட்பாள், அதையும் இரண்டு மடங்கு வேகத்தில். கதாநாயகி அழுகிற இடமெல்லாம் அணில் கத்துகிற மாதிரி இருக்கும். "மீன் கழுவி முடிக்கதுக்குள்ள ஒரு தலைமுறை ஓடிரும்க்கா" என்று பெருமை வேறு.

இவர்கள் மூவரையும் பாவிகளாக மன்னித்து நடுவில் உட்கார்ந்திருந்தவர் ஜெபஸ்டின். சரித்திர வாத்தியார், டெபோராவுடன் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர். அவர் புத்தகத்துக்குக் கண்ணாடித் தாளில் அட்டை போடுவார். முதுகு மடங்கிவிடும் என்று பாதிக்கு மேல் திறக்க மாட்டார். இடுக்கில் எட்டிப் பார்த்து வாசிப்பார். மேசையில் புத்தகம் இருந்தால் வடை வரக் கூடாது.

அவருடைய சாமி, ஆயிரத்து நூறு பக்க நாவல் ஒன்று. வாங்கிப் பன்னிரண்டு வருஷம். வருஷத்துக்கு ஒரு தடவை முழுதாக வாசிப்பதாகச் சொல்வார். மற்றவர்கள் எந்தப் புத்தகத்தைப் பாராட்டினாலும், "நல்லாத்தான் இருக்கும். ஆனா அத வாசிச்சவனுக்கு இதெல்லாம் உப்பில்லாத கஞ்சி" என்று மூடிவிடுவார். அந்த நாவலைப் பற்றி எதிர்க்கருத்துச் சொல்ல வேறு யாரும் அதை வாசித்திருக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை டெபோரா சொன்னாள். "ஜெபஸ்டின், அதக் குடு. வாசிச்சித் தொலச்சிருதேன்."

அவர் ரொம்ப யோசித்தார். அடுத்த வாரம் ஒரு துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார்.

"மடக்கக் கூடாது. எச்சி தொட்டுப் பொரட்டக் கூடாது. குப்புறக் கவுத்து வைக்கக் கூடாது" என்றார்.

"புள்ளையக் கட்டிக் குடுக்கவன் கூட இம்புட்டுச் சொல்ல மாட்டான்" என்றார் அசன் மைதீன். பேசிக்கொண்டே கடைசிப் பக்கத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "சரி, வீட்டுக்குத் திரும்பிட்டா" என்று மூடி வைத்தார்.

மூன்று நாள் டெபோரா நேர்மையாக முயன்றாள். முதல் நாள் சுத்தமல்லி விலக்கில் டிரைவர் பிரேக் போட்டதில், புத்தகம் முன்னால் இருந்தவரின் தலையில் இறங்கியது. இரண்டாம் நாள் மணிக்கட்டு வீங்கியது. மூன்றாம் நாள் பையில் சாளை மீன் குழம்புக்குப் பக்கத்தில் அதை வைக்க மனம் வராமல், இரண்டு கையாலும் மார்போடு அணைத்து நின்றதில், ஒரு வரிகூட வாசிக்கவில்லை. அன்று சாயங்காலம் அடுக்களை மேசையில் நாவலைப் படுக்க வைத்து, கத்தியை எடுத்தாள்.

தேவமணி வாசலில் நின்று பார்த்தார். "ஏட்டி, அது அடுத்த வீட்டுச் சாமான்."

"திருப்பிக் கட்டிக் குடுத்திருவேன்."

"வாழைத்தாரா அது, வெட்டிட்டுக் கயிறு போட்டுக் கட்டதுக்கு."

ஆறு துண்டு. நான்காவதைப் பிரிக்கும்போது ஒன்றைக் கவனித்தாள். பதினாறு பக்கங்கள் மேல் ஓரத்திலும் பக்கவாட்டிலும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அச்சகத்தில் வெட்டாமல் விட்டுவிட்ட மடிப்பு. அதைக் கிழிக்காமல் உள்ளே எட்டிப் பார்க்கக்கூட முடியாது. யாரும் கிழித்திருக்கவில்லை. டெபோரா கத்தியை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பன்னிரண்டு வருஷம், பன்னிரண்டு வாசிப்பு. சிரித்து முடித்தபோது கொஞ்சம் சங்கடமாகவும் இருந்தது. தேவமணி என்னவென்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றுவிட்டாள். மடிப்பைக் கிழிக்காமல் அப்படியே டேக் போட்டாள்.

முதல் மூன்று துண்டும் மெதுவாகத்தான் போயின. ஒரு குடும்பத்தின் ஏழு தலைமுறைப் பெயர்கள், பாதிப் பேருக்கு ஒரே பெயர். நான்காவதைக் கையில் எடுத்த அன்றைக்குப் பார்த்து ஜன்னலோரம் இடம் கிடைத்தது, காற்றில் தூங்கிவிட்டாள். ஜங்ஷனில் அவசரமாக இறங்கியவள், டவுன் பஸ் ஏறிய பிறகுதான் பையைப் பார்த்தாள். துண்டைக் காணவில்லை.

அது வெள்ளிக்கிழமை. அன்று டீக்கடைக்குப் போகாமல் தலைவலி என்று சொல்லித் தப்பினாள். திங்களன்று பஸ்ஸில் வேறு கண்டக்டர்; அவருக்குத் தெரியவில்லை. செவ்வாயன்று வழக்கமான கண்டக்டர் கருத்தையா வந்தார். ஒல்லி ஆள், விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டே பேசுவார்.

"தம்பி, வெள்ளிக்கெழம ஒரு தாள்கட்டு, பச்ச டேக்கு போட்டது..."

கருத்தையா தோள்பையைத் தட்டினார். "எங்கிட்டதான் இருக்குக்கா. இன்னும் நாப்பது பக்கம் பாக்கி. வாசிச்சிட்டுத் தாரேன்."

"நீங்க வாசிக்கியளா?"

"பாபநாசத்துல வண்டி திரும்பத் தேரமாகும்லா. கோயில் பக்கம் போயி உக்காந்து எத்தன கொரங்கத்தான் பாக்கது. நல்ல கதைக்கா. எடுத்த எடுப்புலயே கல்யாணமாகி மூணாம் நாளு ஒரு பொம்பள செருப்பு இல்லாம ரயில விட்டு எறங்குதா. என்னா தொடக்கம்."

அது ஐந்நூற்று ஐம்பதாம் பக்கம் என்று டெபோரா சொல்லவில்லை. வியாழக்கிழமை கேட்டதற்கு இன்னும் பன்னிரண்டு பக்கம் என்றார். மறுநாள் பாளையில் சோலி இருப்பதாகவும், டீக்கடைக்கே வந்து தந்துவிடுவதாகவும் சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமை, ஐந்து துண்டுகளையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு டெபோரா டீக்கடைக்குப் போனாள். ஒளிக்கிற எண்ணம் இல்லை. மேசையில் வரிசையாக எடுத்து வைத்தாள்.

ஜெபஸ்டின் முதலில் என்னவென்றே புரியாமல் பார்த்தார். பிறகு கண்ணாடித்தாள் அட்டை தனியாக இருப்பதைப் பார்த்தார். கை டீ டம்ளரை விட்டுவிட்டது.

"நாலாவது நாளைக்குள்ள... இல்ல, இன்னைக்கே வந்திரும்" என்றாள் டெபோரா.

"இது கசாப்பு" என்றார் அவர். குரல் ஏறவில்லை. "நான் எத்தன மழக்காலம் இதுக்குக் கற்பூரம் போட்டு வச்சிருக்கேன் தெரியுமா? இதுல ஒவ்வொரு பக்கமும் எனக்கு மனப்பாடம். நீ ஒரு புத்தகத்த வெட்டல, என் பன்னெண்டு வருசத்த வெட்டியிருக்க."

டெபோராவின் நுனி நாக்கில் அந்தப் பதினாறு பக்கமும் வந்து நின்றன. ஜெபஸ்டினின் கண் ஓரம் சிவந்திருந்தது. அவள் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டாள். "தப்புத்தான். ஏசு. ஏசி முடி" என்றாள்.

அவர் ஏசினார். கல்லூரிக் காலத்திலிருந்து ஏசினார். லிண்டா காதிலிருந்த கருவியைக் கழற்றிவிட்டுக் கேட்டாள். அவள் அப்படிச் செய்து யாரும் பார்த்ததில்லை.

அந்த நேரம் பார்த்துக் கருத்தையா வந்து, நான்காம் துண்டை மேசையில் வைத்தார்.

"முடிச்சிட்டேன்க்கா. அடுத்தது இருக்கா? ஒண்ணு சொல்லணும், நடுவுல பதினாறு பக்கம் வெட்டாம ஒட்டிக் கெடந்துச்சி. நான்தான் ஸ்கேல விட்டுப் பையப் பையக் கிழிச்சேன். கோணல் இல்ல, பாத்துக்கிடுங்க. இதுக்கு முந்தி ஒரு மனுசனும் அந்தப் பக்கம் போகல போலுக்கு. பாவம், அங்கனதான் கதையே இருக்கு."

அசன் மைதீன் துண்டை எடுத்து, கிழித்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். லிண்டா ஜெபஸ்டினைப் பார்த்தாள். டெபோரா தன் டீயைப் பார்த்தாள்.

கடைசியில் ஜெபஸ்டினே சொன்னார். "ஐநூறு வரைக்கும் போயிருக்கேன். ஏழெட்டுத் தடவ."

"அப்பறம்?"

"அப்பறம் யாரு யாருக்கு மகன்னு கொழம்பிரும். திரும்ப மொதல்லருந்து." மேசையிலிருந்த ஒரு துண்டைக் கையில் தூக்கி எடை பார்த்துவிட்டு, "வயித்து மேல வச்சா மூச்சு முட்டும்" என்றார்.

அசன் மைதீனுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து, டீ மூக்கில் ஏறி, இருமினார். லிண்டா முதுகில் தட்டினாள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாத கருத்தையா, ஐந்தாம் துண்டு எங்கே என்று இரண்டாவது தடவை கேட்டார்.

டெபோரா ஜெபஸ்டினைப் பார்த்தாள். அவர் கருத்தையா பக்கம் கையைக் காட்டினார். "குடு. நான் நாலாவது எடுத்துக்கிடுதேன்."

அன்றிரவே படுத்துக்கொண்டு, ஒரு கையில் பிடித்து, வாசித்தாராம். ஒரு கையால் கடலை தின்றதையும் பிறகு ஒத்துக்கொண்டார். கருத்தையா முடிக்க முடிக்க ஐந்தும் ஆறும் பஸ்ஸில் டெபோரா கைக்கு வந்து, அவள் வாசித்த பிறகு வெள்ளிக்கிழமை ஜெபஸ்டினுக்குப் போயின. மூன்று வாரத்தில் பன்னிரண்டு வருஷத்து நாவலை முடித்தார். முடித்துவிட்டு வந்த அன்று முகம் சரியில்லை.

"முடிவு தப்பு. அந்தப் பொம்பள திரும்பி வீட்டுக்குப் போயிருக்கக் கூடாது. அம்புட்டுத் தூரம் நடந்து வந்தது எதுக்கு?" என்றார்.

"அது அவ வீடு. அவ பேருல உள்ள வீடு. வேற எங்க போவா, ஒன் வீட்டுக்கா?" என்றாள் டெபோரா.

"ஒனக்கு வாசிக்கவே தெரியல."

"பதினாறு பக்கத்தப் பாக்காம பன்னெண்டு வருசம் பேசுனவன் சொல்லுதான்."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. புத்தகத்தை வெட்டியபோது உடையாத நட்பு இதில் உடைந்தது. இரண்டு வெள்ளிக்கிழமை இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசிக்கொள்ளவில்லை. "பாய், சீனிய இங்கன தள்ளச் சொல்லுங்க" என்று ஒருவர். "பாய், கை இருக்குல்லா, எடுத்துக்கிடச் சொல்லுங்க" என்று மற்றவர். அசன் மைதீன் இரண்டு பக்கமும் சீனி சுமந்து அலுத்துப்போனார்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை லிண்டா ஊருக்குப் போய்விட்டாள். அசன் மைதீன் சரக்கெடுக்க மதுரைக்குப் போயிருந்தார். வேண்டுமென்றே போனார் என்றுதான் டெபோரா இன்றும் சொல்கிறாள். நல்ல மழை. இரண்டு பேர், ஒரு மேசை.

ஜெபஸ்டின் டம்ளரைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். "கடேசித் துண்ட மறுபடி வாசிச்சேன்."

"ம்."

"அப்பவும் தப்பாத்தான் இருக்கு."

"எந்த எடத்துல?" என்றாள் டெபோரா, நாற்காலியை முன்னால் இழுத்து.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். ஏழு காரணங்களை எண் போட்டு எழுதியிருந்தார். மூன்றாவதிலேயே குரல் ஏறியது. கடைக்காரர் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். ஜங்ஷனில் முக்கூடல் பஸ் ஒன்று போயிருக்கும், இன்னொன்றும் போயிருக்கும். ஏழரைக்குத் தேவமணி போன் செய்து எங்கே இருக்கிறாய் என்று கேட்டார்.

"சண்ட போட்டுட்டு இருக்கேன். அடுத்த வண்டிக்கு வாரேன்" என்றாள்.

சோறு வடித்தாயிற்று, குடை எடுத்துக்கொண்டு ஸ்டாப்புக்கு வருகிறேன் என்று சொல்லி அவர் போனை வைத்தார். ஜெபஸ்டின் நான்காவது காரணத்தைப் படிக்கத் தொடங்கியிருந்தார்.