அந்த மெட்டு என்னுடையது அல்ல

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். மகள் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்கில் நான் பாடி, நீங்கள் எல்லோரும் எழும்பி நின்று கைதட்டினீர்களே, அந்தப் பாட்டின் மெட்டு என்னுடையது அல்ல. சொற்கள் மட்டும்தான் என்னுடையவை.

மெட்டு, என்னோடு பேக்கரியில் வேலை செய்யும் டீட்டருடையது. கௌபாய் தொப்பியோடு கிட்டார் அடித்து, கண்ட்ரி ரொக் பாடுகிற ஜெர்மன்காரன். அவனுடைய இசைக்குழு உடைந்ததே "இந்தப் பாட்டை எழுதினது நீயா நானா" என்ற சண்டையில்தான். "ஒரு பாட்டுக்கா இவ்வளவு?" என்று நான் அவனை நக்கலடிக்காத நாளில்லை.

இன்று அவன் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். மனைவி பெருமையாகச் சடங்கு வீடியோ கசெட்டைப் போட்டாள்.

"பாருங்கோ டீட்டர், இது இவர் தானே கட்டின பாட்டு!"

டீட்டர் இடியப்பத்தைத் தட்டில் திரும்ப வைத்தான். பாட்டை முடியும்வரை கேட்டான்.

பிறகு, "என்ரை இசைக்குழுக்காரரும் இப்பிடித்தான் கேக்காமல் எடுத்தவங்கள். நீ கேட்டிருந்தால் சும்மா தந்திருப்பன்" என்றான்.

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "ஓம், மெட்டு இவன்ரை" என்று மனைவியிடம் ஒப்புக்கொண்டேன்.

"எனக்குச் சொல்லி என்ன? கைதட்டின சனத்துக்கெல்லோ சொல்லவேணும்!" என்றாள்.

சொல்லிவிட்டேன். கைதட்டலைத் திருப்பிக் கேட்பவர்கள் வரிசையில் வாருங்கள்.

வீடியோவை நிறுத்த ஓடிய அவசரத்தில், பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டேன். மகளுக்கு ஆலாத்தி எடுக்கும் இடத்தில் இப்போது டிவியில் போன ஜெர்மன் வானிலை அறிக்கை பதிவாகி இருக்கிறது. நாளை மழையாம்.