ஒரு விரல் வெளியே நின்ற தகடு

இந்த நாட்டு ரேஸ் காரில் ஹெட்லைட் என்பது வெறும் ஸ்டிக்கர். முதன்முதலாக அந்த மைதானத்துக்குப் போன அன்று, முன்னால் நின்ற காரின் விளக்கில் புழுதி அப்பியிருக்கிறதே என்று கைக்குட்டையை எடுத்துத் துடைக்கப் போனேன். விரலில் கண்ணாடி தட்டுப்படவில்லை. வழவழவென்று ஒரு தாள். விளக்குபோல அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். கதவும் திறக்காது, கதவு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. ஓட்டுகிறவர் சன்னல் வழியாகக் காலை விட்டு உள்ளே இறங்குகிறார். கடையில் விற்கிற காரின் சாயலில் செய்வதால் இதற்கு ஸ்டாக் கார் என்று பெயராம். அடுத்தவர் காரைத் தொட்டுவிட்டோமே என்று பக்கத்தில் நின்றவரிடம் ‘சாரி’ என்றேன். அவர் ‘யூ ஆர் குட்’ என்றார். பார்த்தவுடனே நம்மை நல்லவள் என்கிறாரே என்று குளிர்ந்துபோய், ‘யூ ஆல்சோ வெரி குட்’ என்று பதில் சொன்னேன். பரவாயில்லை, விடு என்பதைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறார்கள் என்று தெரிய எனக்கு ஒரு மாதம் ஆனது.

நான் பிறந்தது கூக்காலில். பழனி மலையில் பூண்டும் கேரட்டும் விளைகிற ஊர். பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு அரைநாள் காத்துக் கிடக்க வேண்டும். இப்போது இருப்பது நார்த் கரோலைனாவில், இங்கேயும் ஒரு மலையின் அடிவாரம். வார நாட்களில் ஒரு தொழிற்சாலையில் இயந்திர பாகங்களை அளந்து சரிபார்ப்பது என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வெளியே உள்ள அரை மைல் வட்டப்பாதையில் ரேஸ் கார்களின் உடம்பை அளக்கிறேன். காரின் வளைவை அப்படியே வெட்டியெடுத்த அலுமினியச் சட்டங்கள் எங்களிடம் உண்டு. டெம்ப்ளேட் என்பார்கள். அதைக் காரின்மேல் பொருத்தினால் இடைவெளி தெரியக்கூடாது. ஓடும் காருக்கு அடியில் காற்று புகுந்தால் அது காரைத் தூக்கப் பார்க்கும். பக்கத்துத் தகட்டைக் கொஞ்சம் வெளியே இழுத்துவிட்டால் அடியில் புகும் காற்று குறைந்து, கார் தரையோடு அழுந்தி, வளைவில் சறுக்காமல் பறக்கும். எல்லோரும் ஒரே மாதிரி உடம்போடு ஓட வேண்டும் என்பது விதி. அதனால் ரேஸுக்கு முன்னால் ஒரு முறையும் முடிந்தபின் ஒரு முறையும் அளப்போம். என் மேலதிகாரி டோனா, பள்ளிக்கூடப் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற அறுபது வயதுப் பெண்மணி. டெம்ப்ளேட் பொய் சொல்லாது, அதைப் பிடிக்கிற கைதான் சொல்லும் என்பார்.

என்னை அந்த மைதானத்துக்குக் கூட்டிப்போனவர் வெய்ன். டயர் கடை வைத்திருக்கிறார், ஐம்பத்தைந்து வயது இருக்கும். நான் வந்த முதல் குளிர்காலத்தில் பனிக்கட்டியில் என் கார் வழுக்கி ஓடையோரப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. பிரேக்கை அழுத்த அழுத்தச் சறுக்கியதும், கண்ணாடி வழியே மரங்கள் சாய்ந்து தெரிந்ததும் இன்னும் நினைவில் இருக்கிறது. பின்னால் வந்த வெய்ன் தன் டிரக்கை நிறுத்தி, சங்கிலி போட்டு இழுத்து வெளியே எடுத்தார். கார் பட்டறையில் கிடந்த இரண்டு வாரமும் காலையில் வீட்டு வாசலில் வந்து ஹார்ன் அடித்து என்னை வேலைக்குக் கூட்டிப்போனார். முருகேஸ்வரி என்ற பெயர் அவர் வாயில் நுழையாமல் ‘மெர்க்’ என்று ஆனது. நான் செய்யும் வேலையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு டோனாவிடம் அழைத்துப்போய், “இந்தப் பொண்ணு அளக்கிறதையே தொழிலா வெச்சிருக்கு. உங்களுக்கு இப்படி ஒரு ஆள்தான் வேணும்” என்று நிறுத்தியவரும் அவர்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன் இலையுதிர் காலத்தில், அந்த ஆண்டின் கடைசி ரேஸ். வெய்ன் முதலாவதாக வந்தால் ஆண்டு முழுவதற்குமான பட்டமும் அவருக்கே. இளவயதிலிருந்து ஓட்டிக்கொண்டிருந்தும் ஒரு முறைகூட வாங்கியதில்லை. கண் மங்கி வருகிறது, இதோடு போதும் என்று கடையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். காலையில் அவர் காரை நானே அளந்தேன், சட்டம் கச்சிதமாக உட்கார்ந்தது. மத்தியானம் ரேஸ். பாதியில் டயர் பார்க்க ஓர் இடைவேளை. அதற்குப் பிறகு வெய்னின் கார் வளைவுகளில் தண்டவாளத்தில் ஓடுவதுபோல ஓடியது. ஒரு பள்ளி ஆசிரியர் கடைசிச் சுற்றுவரை விடாமல் துரத்தினார். ஒரு கார் நீளத்தில் வெய்ன் ஜெயித்தார்.

கார் நாங்கள் அளக்கும் கொட்டகைக்குள் வந்தது. நான் இடப் பக்கத்தில் குனிந்து அளக்கத் தொடங்கியிருந்தேன். வெய்ன் சன்னல் வழியாகத் தலையை நீட்டி, முகமெல்லாம் வியர்வையோடு “வீ குட்?” என்று கேட்டார், எல்லாம் சரிதானே என்ற அர்த்தத்தில். நான் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். நம்மூரில் யாராவது ஏதாவது கேட்டால் ஆட்டுவோமே, ‘கேட்டேன், பார்த்துக்கொண்டிருக்கிறேன்’ என்கிற மாதிரி, அந்த ஆட்டல். அவர் கையை ஓங்கிக் காற்றில் குத்தினார், சன்னல் வழியாக வெளியே குதித்தார், ஜனங்களை நோக்கி ஓடினார். ஒலிபெருக்கியில் அவர் பெயர் கேட்டது. வெளியே கூட்டம் ஆர்ப்பரித்துக்கொண்டிருக்க, நான் வலப் பக்கம் வந்து சட்டத்தை வைத்தேன். பின் சக்கரத்துக்கு முன்னால், சட்டத்தைத் தள்ளிக்கொண்டு, தகடு ஒரு விரல் அகலம் வெளியே நின்றது.

சுவரில் உரசியிருக்கலாம் என்றுதான் முதலில் நினைக்கப் பார்த்தேன். சுவரில் உரசினால் தகடு உள்ளே போகும், வெளியே வராது. பெயிண்டில் கீறல்கூட இல்லை. தகட்டுக்குப் பின்னால் கையை விட்டுத் தடவினேன். தகட்டைத் தாங்கும் கம்பியை ரம்பத்தால் பாதிவரை அறுத்து வைத்திருந்தார்கள். காலை அளவைக்கு நேராக நிற்கும், இடைவேளையில் ஓர் ஆள் சாய்ந்து நின்று ஓர் இழுப்பு இழுத்தால் வளைந்து கொடுக்கும். அறுத்த இடத்தில் விரலை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அந்த வேலை எனக்குத் தெரியும். அதைவிட நன்றாக நான் செய்திருக்கிறேன்.

பாலிடெக்னிக் முடித்து வீட்டில் இருந்த வருடம். அப்பாவிடம் ஒரு லாரி இருந்தது. கூக்காலிலிருந்து காய்கறி ஏற்றி, வடகவுஞ்சி வழியாகப் பழனி மலைப்பாதையில் இறங்கி மார்க்கெட்டுக்குப் போகும். பக்கப் பலகைக்கு மேல் இன்னொரு வரிசைப் பலகை கட்டினால் இன்னும் முப்பது மூட்டை கொள்ளும். ஆனால் வண்டி ஓடத் தகுதியானது என்று எஃப்.சி. சான்று எடுக்கப் போகும்போது அந்தப் பலகை இருக்கக் கூடாது. அதுவரை ஆணி அடித்து, பிடுங்கி, மறுபடி அடித்து அப்பா அல்லாடிக்கொண்டிருந்தார். நான் படித்த படிப்பைக் காட்ட வேண்டாமா? துளை போட்டு, கையாலேயே திருகுகிற காதுள்ள மரைகள் வைத்து, பத்து நிமிஷத்தில் கழற்றி பத்து நிமிஷத்தில் மாட்டுகிற மாதிரி செய்து கொடுத்தேன். “ஏத்தா, இத மொதல்லயே செஞ்சிருந்தா எனக்கு எம்புட்டு சோலி மிச்சம்!” என்று அப்பா பூரித்துப்போனார். எஃப்.சி.க்கு நானும் கூடப் போனேன். வண்டியைப் பார்த்த அதிகாரி பளபளத்த துளைகளில் விரலை வைத்து, “இதென்னம்மா புது ஓட்டையா இருக்கு?” என்றார். அப்பா வாய் திறக்குமுன் நான் சொன்னேன்: “பழைய ஓட்டைதாங்க சார். துருவச் சொரண்டி விட்ருக்கோம்.” படித்த பெண் சொல்கிறாளே என்று நம்பிக் கையெழுத்துப் போட்டார். நல்ல மனிதர்.

அந்த மாதமே, வடகவுஞ்சிக்குக் கீழே ஒரு வளைவில், முட்டைக்கோஸ் பாரத்தோடு லாரி சாய்ந்தது. மலைக்காற்று பலமாக அடித்த நாள். உயரமாக அடுக்கிய பாரம் வளைவில் ஒரு பக்கம் தள்ளி, பலகை காற்றை வாங்கி, அப்பாவால் நிறுத்த முடியவில்லை. அப்பாவுக்குச் சிராய்ப்புதான். மேலே மூட்டைகளோடு உட்கார்ந்திருந்த லோடுமேன் செல்லமுத்து அண்ணன் பலகைக்கடியில் சிக்கிக்கொண்டார். வலது காலில் மூன்று முறை ஆபரேஷன் செய்தும் பழையபடி ஊன்ற வரவில்லை. ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனபோது நான் கட்டிலோரம் நின்று அழுதேன். அவர் என்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு சொன்னார்: “நீ எதுக்குத்தா அழுவுற? ஓ வேலைல ஒரு கொறையும் இல்ல. வண்டியே கவுந்தும் அந்தப் பலக கழலவே இல்லயே!”

கொட்டகையில் டோனா என் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். அவருக்கும் எல்லாம் புரிந்துவிட்டது. வெய்ன் எனக்கு யார் என்பதும் அவருக்குத் தெரியும். “நீ வீட்டுக்குப் போ. நான் எழுதுறேன்” என்றார். பேனாவை எடுத்த அவர் கையைப் பார்த்தேன். காலையில் காரை அளந்து சரி என்றவள் நான், இப்போது தவறு என்று எழுத வேண்டியவளும் நான்தான் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். ஒரு வரிதான் எழுதினேன். எழுதும்போது, வெய்ன் வாசலில் வந்து அடித்த அந்த டிரக்கின் ஹார்ன் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

வெய்ன் உள்ளே வந்தபோது கழுத்தில் இன்னும் மாலைபோல ஒரு ரிப்பன் கிடந்தது. தகட்டைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். “நீ தலையாட்டினே” என்றார்.

“அது சரின்னு சொன்னது இல்ல. நாங்க அப்படித்தான் ஆட்டுவோம்…”

“நீ தலையாட்டினே, மெர்க். நான் என் பொண்டாட்டிகிட்டப் போய்ச் சொல்லிட்டேன். ஊருக்கே சொல்லியாச்சு.” குரல் உயர்ந்தது. “ஒரு விரல் அகலம்! அதால யாருக்கு என்ன கெட்டுப்போச்சு?” எங்கள் ஊர்க் கதையைச் சொல்ல அது நேரமில்லை, அத்தனை ஆங்கிலமும் அப்போது வாயில் வரவில்லை. “துரத்தி வந்தவர் இருக்காரே” என்று மட்டும் சொன்னேன். அவர் ரிப்பனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நான் கற்றுக்கொள்ளாத சில வார்த்தைகள் சொன்னார். போய்விட்டார். பள்ளி ஆசிரியருக்குக் கோப்பை கொடுத்தபோது ஜனங்களில் பாதிப் பேர் கிளம்பியிருந்தார்கள். அவர் அதைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க வெய்னின் டயர் கடையைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன். பனி விழுந்த காலைகளில் கடை வாசலில் உப்பு தூவிக்கொண்டு நிற்பார். நான் கையை உயர்த்துவேன். அவர் குனிந்துகொள்வார். கூக்காலில் யாரோடாவது மனஸ்தாபம் வந்தால் கல்யாணம், காதுகுத்து, கோயில் காரியம் என்று ஏதோ ஒன்று வந்து எதிரெதிரே நிறுத்திவிடும், பேசித்தான் ஆக வேண்டும். இங்கே ஒருவர் உங்களை வேண்டாம் என்று நினைத்தால் கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பத்து வருஷம் பக்கத்திலேயே வாழ்ந்துவிடலாம்.

மார்ச்சில் புது ஆண்டின் முதல் அளவை. கொட்டகையைத் திறக்க நான் வெள்ளனே போனேன். வாசலில் ஒரே ஒரு கார் நின்றது. வலப் பக்கத் தகட்டை முழுவதும் கழற்றித் தரையில் சாய்த்து வைத்துவிட்டு, வெய்ன் அதன் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார். கம்பிகள் எல்லாம் புதிது. “உள்ள பாத்துக்கோ” என்றார். பார்த்தேன். கையை விட்டுத் தடவினேன். சுத்தமாக இருந்தது. தகட்டை மாட்ட நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் கேட்டார், “அன்னிக்கு எப்படி அவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிச்சே? டோனாவுக்கே அரைமணி ஆயிருக்கும்.”

சொன்னேன். லாரி, பலகை, காதுள்ள மரை, நான் சொன்ன பொய், செல்லமுத்து அண்ணன் ஆஸ்பத்திரியில் சொன்னது, எல்லாவற்றையும். என் அரைகுறை ஆங்கிலத்தில் எஃப்.சி.யை விளக்கவே ரொம்ப நேரம் ஆனது. இந்த நாட்டில் அதுவரை நான் யாரிடமும் சொல்லாதது. அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். நான் முடித்ததும், “அந்த ஆள் உன்னைத் திட்டியிருந்தா உனக்கு நல்லா இருந்திருக்கும், இல்ல?” என்றார். ஆமாம் என்றேன். “சரி, அவர் திட்டாததுக்கும் சேத்து அன்னிக்கே நான் திட்டிட்டேன்.” சிரித்தார். எனக்கும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவர் அந்த ஆண்டும் ஓட்டினார். மூக்குக்கண்ணாடியை மாற்றியிருந்தார். ஜெயிக்கவில்லை.

அதற்கடுத்த வருஷம் சித்திரையில் ஊருக்குப் போனேன். அப்பா லாரியை விற்று நாளாகிறது, இப்போது பூண்டு மட்டும்தான். செல்லமுத்து அண்ணன் கூக்கால் ஏரிக்கரைக்குக் கீழே டீக்கடை போட்டிருக்கிறார். கால் நீட்டிய வாக்கில் உட்கார்ந்தே அடுப்பையும் பார்த்துக்கொள்கிறார், வருகிற ஆட்களையும் வம்புக்கு இழுக்கிறார். அன்றைக்கு அவரிடம் அந்தப் புது ஓட்டையைப் பற்றிச் சொன்னேன். அதிகாரியிடம் பொய் சொன்னது அப்பா இல்லை, நான் என்று. இத்தனை வருஷமாகச் சொல்லாமலே வைத்திருந்தேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். நுரை பொங்க இன்னொரு முறை ஆற்றினார். “அது எனக்கு அப்பவே தெரியும் தாயி. ஒங்கப்பனுக்கு அம்புட்டு வெரசா பொய் சொல்ல வராது” என்றார். தம்ளர்களைக் கழுவிக்கொண்டே, “எப்ப ஊருக்கு?” என்றார். அவர் ஊர் என்றது அமெரிக்காவை.

அப்போது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எங்கள் ஊரில் ஏரிக்கரை மேட்டில் ஓர் இடத்தில் மட்டும்தான் படம் இறங்குகிற அளவுக்குச் சிக்னல். ஏறிப்போய்ப் பார்த்தேன். வெய்ன் ஒரு படம் அனுப்பியிருந்தார், கூடவே ஒரு வரி: தகட்டை மறுபடி கழற்றி மாட்டியிருக்கிறேன், சரியாக இருக்கிறதா பார், எப்போது வீட்டுக்கு வருகிறாய்? படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. காரின் கூரை வந்தது, சன்னல் வந்தது, தகடு இருக்க வேண்டிய இடம் இன்னும் சாம்பல் நிறமாகவே கிடந்தது. கீழே செல்லமுத்து அண்ணன் இரண்டு கண்ணாடித் தம்ளர்களை பெஞ்சில் வைத்துவிட்டு, “டீ ஆறிப்போவுது தாயி, எறங்கி வா!” என்று குரல் கொடுத்தார். ஓர் அடி இறங்கினாலும் சிக்னல் போய்விடும். “இந்தா வந்துட்டேண்ணே!” என்று கத்தினேன். போனை இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.