அவர் பேரில் வைத்த கச்சேரி

டிக்கெட் விற்று வருகிற காசில் கச்சேரியை நடத்திவிடலாம் என்று இப்போது நினைக்கிறார்கள். எங்கள் காலத்தில் அப்படி இல்லை. முதலில் ஒருவர் தலையைக் கொடுக்க வேண்டும். பாடுகிறவருக்குச் சன்மானம், பக்கவாத்தியக்காரர்களுக்கு ரயில் சார்ஜ், பந்தல், சாப்பாடு எல்லாம் அவர் பொறுப்பு. அதற்குப் பேர் உபயம். பதிலுக்கு மேடையில் அவர் பேரை உரக்கச் சொல்லி, புருஷனும் பெண்டாட்டியுமாக மேலே கூப்பிட்டு, தாம்பாளத்தில் தேங்காய், வெற்றிலை பாக்கு, மாலை வைத்துக் கொடுப்பார்கள். பெரும்பாலும் அரிசி மண்டிக்காரரோ கான்டிராக்டரோதான் செய்வார். புருஷனை இழந்த பெண்கள் சிலர் அவன் ஞாபகார்த்தமாகச் செய்வதும் உண்டு. ஆனால் அவர்கள் மேடை ஏற மாட்டார்கள். தாம்பாளம் பங்காளி ஒருவர் கைக்குப் போகும்.

திருத்தணி நெசவுத் தெருவில் மாவாட்டிப் பிழைத்த ஒருத்தி ஒரு கச்சேரிக்கு உபயம் செய்தாள் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். அந்த ஒருத்தி நான்தான்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. நூல் சர்க்கார் கன்ட்ரோலில் போய்விட்டது. தெருவில் பாதித் தறிகள் சும்மா கிடந்தன. காலையில் எழுந்தால் தறிச் சத்தம் இல்லாமல் காது என்னவோபோல் இருக்கும். நானும் அதுவரை தறிக்காரர்களுக்கு நூல் சுற்றிக் கொடுத்துத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நூலே இல்லாதபோது எதைச் சுற்றுவது? மலையடிவாரத்தில் ஒரு பலகாரக் கடைக்கு மாவாட்டப் போனேன். பிள்ளைகுட்டிக்காரர்கள் பாடு இன்னும் மோசம். தெருக்கோடியில் கஞ்சித்தொட்டி திறந்தார்கள். நேற்றுவரை பட்டுக்கரை போட்டுச் சேலை நெய்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு சட்டியோடு நின்றார்கள்.

அந்தக் கஞ்சித்தொட்டிக்கும் அரிசி தீர்ந்துவிடும் போலிருந்தது. ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் அதற்குச் செயலாளர். தெரு உறவில் எனக்குத் தம்பி முறை. என்னை அக்கா என்பார், என் புருஷனைப் பாவா என்பார். சென்னையிலிருந்து பேர்போன பாட்டுக்கார அம்மாள் ஒருவரை வரவழைத்துக் கச்சேரி வைத்தால் டிக்கெட் வசூல் முழுவதையும் தொட்டிக்குக் கொடுத்துவிடலாம் என்பது அவர் யோசனை. யோசனை சரிதான். உபயத்துக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. யுத்தம் என்று சொல்லி எல்லாப் பெரிய மனிதர்களும் கையை விரித்துவிட்டார்கள்.

என் புருஷன் ரங்கூனில் ஒரு மரக்கடையில் கணக்கு எழுதப் போனவர். மார்கழி பஜனையில் அவர்தான் முன்னால் பாடுவார். மற்றவர்கள் பின்னால் வாங்கிப் பாடுவார்கள். போகும்போது, "வந்ததும் தெருவுல ஒரு கச்சேரி வெக்கணும், நம்ம செலவுல" என்று சொல்லிவிட்டுப் போனார். மனிதருக்கு ஆசையைப் பாருங்கள், கூரைக்கு ஓலை மாற்ற வழியில்லை! மாதாமாதம் மணியார்டர் வந்தது. அதில் மிச்சம் பிடித்து அரிசிப் பானைக்குள் போட்டு வைத்தேன். பிறகு ரங்கூனில் குண்டு விழுந்தது. மணியார்டரும் நின்றது, கடுதாசியும் நின்றது. அங்கிருந்து ஜனங்கள் காடும் மலையுமாக நடந்தே வருகிறார்கள் என்றார்கள். சிலர் வந்தும் சேர்ந்தார்கள். அவர் வரவில்லை.

அதற்குப் பிறகு என்னை எந்தக் கணக்கில் வைப்பது என்று ஊருக்குத் தெரியவில்லை. ஒரு வீட்டில் வளைகாப்பு என்றால் கூப்பிட மாட்டார்கள். எல்லாம் முடிந்த மறுநாள் ஒருத்தி வந்து, "நீங்க வருவீங்கன்னு பாத்துக்கினே இருந்தோங்க்கா" என்பாள். நான் நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டு எதிரே போனால், பயணம் கிளம்புகிறவர்கள் வீட்டுக்குள் திரும்பிப் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வருவார்கள். முகத்துக்கு நேரே யாரும் ஒன்றும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நன்றாகத் திருப்பிக் கொடுத்திருப்பேன், எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சொல்லாததற்கு எதைத் திருப்பிக் கொடுப்பது? ராத்திரியில் பேச ஆளில்லை. பகலில் பேசுகிறவர்களுக்கு என் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

உபயத்துக்கு ஆள் இல்லை என்று கேள்விப்பட்டதும் எனக்கு ஒன்று தோன்றியது. ஊர் கூடிய இடத்தில், மைக்கில், உயிரோடு இருக்கிற மனிதர்கள் பேரைச் சொல்வதுபோல அவர் பேரைச் சொல்ல வேண்டும். நான் மேடையேறி அந்தத் தாம்பாளத்தை வாங்க வேண்டும். அதோடு ஊர் வாய் அடங்கும். அது மட்டும் இல்லை, உள்ளதைச் சொல்கிறேன். என் மனசும் அப்போது ஆடிப்போய்த்தான் இருந்தது. நாலு பேர் காதுபட அவர் பேர் ஒலித்தால் எனக்கும் ஒரு பிடிமானம் கிடைக்கும் என்று நினைத்தேன்.

பானையோடு ஜவுளிக்கடைக்குப் போனேன்.

"இன்னாக்கா, நெசமாத்தான் சொல்றீங்களா? இது சின்ன விசயம் இல்லீங்க" என்றார் செயலாளர்.

"பின்ன, உன்னாண்ட வெளையாடத்தான் மாவாட்டற கைய கழுவிக்கினு வந்தேனா?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "யார் பேர்லக்கா சொல்லணும்?"

புருஷன் பேரை நாங்கள் வாயால் சொல்வதில்லை. சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பார்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் சொன்னதே கிடையாது, ரேஷன் கடையில்கூடப் பக்கத்தில் நிற்கிறவளைச் சொல்லச் சொல்வேன். "அவுங்க பேர்லதான்" என்றேன்.

"ஆங், பாவா பேர்ல. சரிங்கக்கா, நான் பாத்துக்கறேன்" என்றார். என் புருஷன் பேர் அவருக்குத் தெரியும். அதற்குமேல் விளக்க என்ன இருக்கிறது என்று வந்துவிட்டேன்.

கிருஷ்ணாயில் கிடைக்காத காலம் என்பதால் விளக்கை நம்பாமல் மாலை வெயில் தாழ்ந்ததுமே கச்சேரி. சத்திரத்து முற்றத்தில் பந்தல். டிக்கெட் வாங்க முடியாதவர்கள் கேழ்வரகோ சோளமோ ஒரு படி கொண்டுவந்து வாசலில் இருந்த கோணிப்பையில் போட்டுவிட்டு உள்ளே போகலாம் என்று வைத்திருந்தார்கள். படியும் இல்லாத ஒரு மனிதர் தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்தப் பையின்மேல் மடித்து வைத்துவிட்டுப் போனார். அவரே நெய்த துண்டு.

நான் கல்யாணச் சேலையை உடுத்திக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு, பெண்கள் பக்கம் முன்வரிசையில் உட்கார்ந்தேன். கூப்பிட்டதும் எழுந்து போக வசதியாக இருக்கட்டும் என்று ஓரமாக. என் பக்கத்தில் ஒரு ஆள் உட்காருகிற இடம் காலியாகவே இருந்தது. பின்னால் அத்தனை நெருக்கடி, அங்கே மட்டும் யாரும் வந்து உட்காரவில்லை.

பாட்டுக்கார அம்மாள் வந்து அமர்ந்தார். தம்பூராவில் சுருதி கூடிற்று. செயலாளர் பேட்டரி மைக்கைப் பிடித்து, கஞ்சித்தொட்டியைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட்டு, என் புருஷன் பேரைச் சொன்னார். சொந்தத் தெரு, தகப்பனார் பேர் எல்லாம் சேர்த்துக் கணீரென்று சொன்னார். எழுந்திருக்கக் காலை மடக்கினேன்.

"...அவர்களின் ஞாபகார்த்தமாக, அன்னாருடைய தர்மபத்தினியின் உபயம்" என்று முடித்தார்.

என் புருஷனுடைய பங்காளி ஒருவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மேடைக்குப் போய்த் தாம்பாளத்தை வாங்கினார். அவர்மேல் தப்பில்லை, யாரோ போகச் சொல்லியிருக்கிறார்கள். ஜனங்கள் "த்சொ" என்றார்கள். எனக்குப் பின்னால் ஒருத்தி மூக்கைச் சிந்தினாள்.

அத்தனை பேர் நடுவில், என் காசில் நடக்கிற கச்சேரியில், என் தாலியை அறுத்துவிட்டார்கள்!

"நிறுத்துங்க!" என்று கத்தினேன். எழுந்து நின்றது எனக்கு நினைவில்லை. "யாருக்கு ஞாபகார்த்தம்? அவுரு உசுரோட கீறாரு! ரங்கூன்ல கீறாருங்க! எந்தப் பாவி சொன்னது?"

செயலாளர் பேயறைந்த மாதிரி நின்றார். மைக்கை மறந்துவிட்டு, "தப்பாப் பூடுச்சுக்கா... பொம்பள தனியா வந்து ஊட்டுக்காரர் பேர்ல குடுத்தா ஞாபகார்த்தம்னுதான போடுவோம்... பழக்கத்துல வாய்ல வந்துடுச்சுக்கா" என்றார். அது மைக்கில் சத்திரம் முழுக்கக் கேட்டது. அவரைத் திட்ட வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது.

அப்போது பாட்டுக்கார அம்மாள் தம்பூராவை நிறுத்தச் சொல்லிவிட்டு, "இங்க வாம்மா" என்றார்.

அவர் கோயிலில் பொட்டுக் கட்டிய பரம்பரையைச் சேர்ந்தவர். சாமிக்கு வாழ்க்கைப்பட்டவர்கள் என்பதால் அவர்களுக்குத் தாலி அறுவது என்பதே கிடையாது. அந்த ராசிக்காகவே கல்யாண வீடுகளில் பெண்ணின் தாலிக்கு அவர்களைக் கொண்டு மணி கோக்கச் சொல்வார்கள். நான் மேடையேறிப் போனேன். அவர் பையிலிருந்து தன் குங்குமச் சிமிழை எடுத்தார். என் நெற்றியிலும் வகிட்டிலும் வைத்தார். என் தாலியைச் சேலைக்குள்ளிருந்து வெளியே எடுத்து, எல்லோரும் பார்க்க, அதிலும் வைத்தார். பங்காளி கையிலிருந்த தாம்பாளத்தை வாங்கி என்னிடம் கொடுத்தார். பிறகு மைக்கில், "உபயக்காரர் சௌக்கியமா இருக்கார். அவர் வந்து சேர்ந்ததும் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்க. அவர் எதிரே உட்கார்ந்து கேக்க இன்னொரு தடவ வந்து பாடறேன். அதுக்குச் சன்மானம் வேண்டாம்" என்றார்.

ஜனங்கள் கை தட்டினார்கள். அந்த அம்மாள் என்ன பாடினார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது என் பக்கத்து இடம் நிறைந்துவிட்டது. இரண்டு பெண்கள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

தொட்டிக்கு அரிசி வந்தது. எனக்கும் நினைத்ததெல்லாம் நடந்தது. வளைகாப்புக்கு முதல் ஆளாகக் கூப்பிட்டார்கள். பூக்காரி தினமும் என் வாசலில் நின்று குரல் கொடுத்தாள். செயலாளர் பார்க்கும்போதெல்லாம், "பாவா வந்ததும் அந்தம்மாவுக்கு எழுதணுங்க்கா, மறந்துடப் போறேன்" என்பார். பாட்டுக்கார அம்மாள் கையால் குங்குமம் வாங்கியவள், இனிமேல் இவளிடம் புருஷன் விஷயம் யாரும் பேசக்கூடாது என்று ஊர் முடிவு செய்துவிட்டது.

அது எனக்குப் புரிய நாளாயிற்று. முன்பெல்லாம் பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்கள் யாராவது அரக்கோணத்தில் இறங்கினார்கள் என்றால், ஓடிவந்து என்னிடம் சொல்வார்கள். நான் போய் விசாரிப்பேன். பார்த்தோம் என்பார்கள், பார்க்கவில்லை என்பார்கள். கச்சேரிக்கு அப்புறம் யாரும் வந்து சொல்லவில்லை. நான் போனால் பேச்சு மாறும். "கடுதாசி வந்துச்சா?" என்று ஒரு நாக்கு கேட்கவில்லை. அவர் இருக்கிறார் என்று நான்தானே ஊருக்கு முன்னால் கத்தினேன்? இருக்கிறவரைப் பற்றி என்ன விசாரிப்பது? முன்பு என்னைத் தள்ளி வைத்த வீடுகளில் இப்போது பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஆனால் அத்தனை பேருக்கு நடுவில் நான் மட்டும் ஒரு பக்கமாகவும் அவர்கள் எல்லோரும் ஒரு பக்கமாகவும் இருந்தோம். அந்தத் தனிமை முன்பிருந்ததைவிடக் கொடுமை.

யுத்தம் முடிந்து கொஞ்ச காலம் ஆகியிருக்கும். ஒருநாள் மத்தியானம் வாசலில் ஒரு ஆள் வந்து நின்றார். மெலிந்த மனிதர். கனகம்மாசத்திரம் பக்கம் சொந்த ஊர் என்றார். என் புருஷன் பேரைச் சொல்லி, "அவுரு வூடுங்களாம்மா இது?" என்று கேட்டார்.

"ஆங், உள்ள வாங்க" என்றேன்.

வரவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்தார். ஜவுளிக்கடையில் வழி கேட்டுக்கொண்டுதான் வந்திருக்க வேண்டும், தெருமுனையில் செயலாளர் நின்று எங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவர் என் நெற்றியைப் பார்த்தார். தலையில் இருந்த பூவைப் பார்த்தார். பிறகு கீழே பார்த்துக்கொண்டார். "மரக்கடையில ஒண்ணாத்தான் வேல செஞ்சோங்க. ஒண்ணாத்தான் கெளம்பனோம்" என்றார்.

சொம்பில் தண்ணீர் கொடுத்தேன். மூச்சு விடாமல் முழுவதையும் குடித்தார். சொம்பைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"நல்லாப் பாடுவாருங்க. வழியெல்லாம் பாடிக்கினே வந்தாரு. கால் நோவே தெரியாது எங்களுக்கு" என்றார்.

எதுவரைக்கும்? அந்த ஒரு வார்த்தையை நான் கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். அதற்காகத்தான் அத்தனை தூரம் வந்திருந்தார். அவர் நான் கேட்பேன் என்று காத்திருந்தார், நான் அவர் சொல்வார் என்று காத்திருந்தேன். கடைசியில் சொம்பைப் படியில் வைத்துவிட்டு எழுந்தார்.

"வர்றேம்மா. ஒடம்ப பாத்துக்கோங்க" என்று கும்பிட்டார். பெரியவர்களைக் கும்பிடுகிற கும்பிடு இல்லை அது. கோயிலில் கும்பிடுவதுபோல, கண்ணை மூடிக்கொண்டு.

அவர் தெருமுனை திரும்புகிறவரை நின்றேன். உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். உரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆயுசு குறையும் என்று கல்யாணம் ஆன நாளிலிருந்து சொல்லாத அவர் பேரை வாய்விட்டுச் சொன்னேன். சொல்லிப் பழக்கமில்லாததால் முதல் தடவை சரியாக வரவில்லை. மறுபடியும் சொன்னேன். ஆசை தீரச் சொன்னேன்.

சாயங்காலம் வாசலில் பூக்காரி குரல் கொடுத்தாள். முகத்தைக் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு போய் ஒரு முழம் வாங்கினேன்.