மீசைக்காரரின் குறுஞ்செய்தி

டெங்கு பரவியபோது அனகாபுத்தூரில் எங்கள் தெருவுக்கு வந்த சுகாதார ஆய்வாளர் மீசைக்கு மட்டும் சாயம் பூசியிருப்பார். எந்தத் தண்ணீர் டிரம்மைக் கண்டாலும் டார்ச்சால் தட்டிப் பார்ப்பார். மூன்று முறை என் வீட்டு கேட்டை ஆட்டினார். நான் ஆளில்லாத மாதிரி உள்ளேயே இருந்தேன்.

அந்த வாரம் டேட்டிங் ஆப்பில் ஒரு பெண், "உங்க மாடியில தண்ணி தேங்குதா?" என்று கேட்டாள். என்மேல் இவ்வளவு அக்கறையா என்று உருகிப்போய், விலாசத்தோடு "வந்து பாருங்க" என்று அனுப்பினேன்.

மறுநாள் ஆய்வாளர் வந்தார்.

"நீங்கதான சார் வரச் சொன்னீங்க?"

"அந்தப் பொண்ணு?"

"அந்தப் பேர்ல நான்தான் சார் டைப் பண்றேன். கேட்டைத் தட்டினா யாரும் திறக்கிறதில்ல."

மாடி டிரம்மில் கொசுப்புழு நெளிந்தது. கவிழ்த்துவிட்டுப் போனார்.

இப்போதும் அவள், "டிரம்மைக் கவுத்தீங்களா?" என்று கேட்கிறாள். டைப் பண்ணுவது மீசைக்காரர் என்று தெரிந்தும் ஒரே நிமிடத்தில் பதில் போடுகிறேன்.