பட்டியலில் இல்லாத மெஷின்

அலுவலகத்தில் ஸ்டோரேஜ் பார்க்கிற வேலை, ஒழுங்காக நடக்கிறவரை யார் கண்ணிலும் படாது. நின்றுபோனால் எல்லோர் வாயிலும் விழும்.

டெல்லியில் ஒரு பெரிய அரசு அலுவலகம். அதன் கோப்புகள் எல்லாம் கண்ணாடி அறைக்குள் ஆளுயரப் பெட்டிகளில் இருக்கும். எந்த செக்ஷனுக்கு எந்த ஃபோல்டர், அதை எந்தெந்தக் கம்ப்யூட்டர் திறக்கலாம் என்று அனுமதி போட்டுக் கொடுப்பதுதான் ஒன்பது வருஷமாக என் வேலை. அதுவும் காண்ட்ராக்டில். இதே பிழைப்பில் இருக்கிற உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள், ஆபீஸில் ஃபோல்டர் திறக்காதபோது யாரைத் திட்டினீர்களோ அது நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழு கையெழுத்து

அப்போதெல்லாம் ஒரு ஃபோல்டர் வேண்டுமென்றால் காகிதத்தில் விண்ணப்பம். அதில் ஏழு கையெழுத்து. ஏழாவது கையெழுத்துக்காரர் டூரில் இருப்பார். அவர் வந்து போட்டு, காகிதம் எங்கள் மேஜைக்கு வந்தபிறகு நானும் முருகேசனும் ஒவ்வொரு கம்ப்யூட்டரின் எண்ணையும் பார்த்துப் பார்த்துக் கையால் அடிப்போம்.

முருகேசன் எங்கள் காண்ட்ராக்ட் கம்பெனி ஆள்தான். முப்பத்தாறு வயது, இரண்டு பெண் குழந்தைகள். விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்து வீட்டுவேலை செய்த அம்மா, அவரை மந்திர் மார்க்கில் தமிழ்ப் பள்ளியில் படிக்கவைத்தார். அவர்கள் குடும்பத்தில் ஏசி அறையில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் அவர். மெதுவாகத்தான் அடிப்பார். ஆனால் எந்த செக்ஷனில் எந்த மூலையில் எந்த மெஷின் என்று ஆளையும் இடத்தையும் சேர்த்து மனசில் வைத்திருப்பார்.

லக்ஷ்மிபாய் நகரிலிருந்து வரும் ராமசுப்பு சார் என்ற செக்ஷன் ஆபீசர் ஒரு ஃபோல்டருக்காக மூன்று வாரம் நடந்தார். நாலாவது வாரம் வந்து நின்று கேட்டார்: "ஏம்மா வசந்தி, நான் ரிட்டையர் ஆகறதுக்குள்ள அந்த ஃபோல்டர் வருமா, இல்லே என் ஃபேர்வெல் போட்டோ போட்டு வைக்கறதுக்குத்தான் வருமா?"

முருகேசனுக்கு விழுந்த திட்டு

ஒருநாள் அவசரம் என்று எங்கள் மேனேஜர் மல்ஹோத்ரா தலைக்குமேல் நின்று "ஜல்தி, ஜல்தி" என்றதில், முருகேசன் ஆறு அடிக்க வேண்டிய இடத்தில் ஒன்பது அடித்துவிட்டார். ஒரு செக்ஷன் முழுவதும் அரைநாள் கோப்பு திறக்காமல் உட்கார்ந்திருந்தது. மல்ஹோத்ரா நடு ஹாலில் நிற்கவைத்து, எண்ணத் தெரியாதவனை எல்லாம் யார் வேலைக்கு எடுத்தது என்று ஹிந்தியில் கத்தினார். டீ கொண்டுவந்தவர்கூடத் தலையைக் குனிந்துகொண்டார். முருகேசன் "ஸாரி சார்" என்பதை ஆறேழு தடவை சொன்னார்.

அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் நான் அந்தப் புரோகிராமை எழுத ஆரம்பித்தேன். ஒரே பட்டியல். அதில் ஃபோல்டரின் பெயரும் திறக்கலாம் என்கிற கம்ப்யூட்டர்களின் எண்களும் இருந்தால் போதும், மிச்சத்தை அதுவே செய்துகொள்ளும். எழுத மூன்று வாரம் ஆயிற்று. முருகேசன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சட்டப் பிரிவுக்குப் படிக்க மட்டும்தான் அனுமதி, ஆடிட்காரர்களுக்கு மாசக் கடைசியில் மட்டும் எழுத அனுமதி என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். அவர் சொல்லச் சொல்ல நான் வரி வரியாக எழுதினேன்.

முதல் ஓட்டத்தில் இரண்டு வாரத்து வேலை நாலு நிமிஷத்தில் முடிந்தது. திரையில் எல்லா வரியும் பச்சை. முருகேசன் எழுந்து நின்றே கைதட்டினார்: "அக்கா, இனிமே என்னை யாரும் திட்ட முடியாது இல்ல?"

கடைசி வரிசையில் நான்

மேலதிகாரி முன்னால் மல்ஹோத்ரா இதைச் செய்து காட்டினார். "நாங்கள் யோசித்தோம்", "நாங்கள் உருவாக்கினோம்" என்றே பேசினார். அந்த 'நாங்க'ளில் நான் எந்த ஓரத்தில் இருந்தேன் என்று தெரியவில்லை. ப்ரொஜெக்டர் நின்றால் பார்த்துக்கொள்ள என்று என்னைக் கடைசி வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள்.

மல்ஹோத்ரா பட்டியலில் ஒரு பெயரைச் சேர்த்தார், ஃபோல்டர் வந்தது. பெயரை எடுத்தார், ஃபோல்டர் போனது. மேலதிகாரி சந்தோஷமாகத் தலையாட்டினார். பிஸ்கட்டை டீயில் தோய்த்துக்கொண்டே, யோசித்துக் கேட்ட மாதிரிகூட இல்லை, சாதாரணமாகக் கேட்டார்: "அச்சா, அப்போ இவ்வளவு பேர் எதுக்கு?"

மலை மந்திரில் ஒரு சனிக்கிழமை

அடுத்த காண்ட்ராக்டில் மூன்று பெயர்கள் இல்லை. ஒன்று முருகேசன். பொறுப்பு ஒப்படைக்கும் படிவத்தில் 'ஒப்படைப்பவை' என்ற இடத்துக்குக் கீழே அவர் எதுவுமே எழுதவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம்தான் ஏற்கெனவே என் புரோகிராமில் இருந்ததே. கடைசி நாள் சாயங்காலம் என் மேஜைப் பக்கம் வந்தார். நான் பேசுகிற மாதிரி போனைக் காதில் வைத்துக்கொண்டேன். அந்தப் பக்கம் யாரும் இல்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு மாதம் கழித்து ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயில் படிக்கட்டில் அவர் மனைவி செல்வி என்னைப் பார்த்துவிட்டார். ஓக்லாவில் ஒரு பார்சல் குடோனில் முருகேசன் ஸ்டிக்கர் ஒட்டுகிறாராம், நாள் முழுக்க நின்றபடி. என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்த முகமாகவே சொன்னார்: "உங்களைப் பத்தி வீட்ல பெருமையாத்தான் பேசுவாரு அக்கா. நீங்க எழுதுனதுல பாதி இவரு சொன்னதாமே!"

பச்சை விளக்கு

பாதுகாப்பு ஆய்வு வருகிறது, பட்டியலில் இல்லாத அனுமதி ஒன்றுகூட இருக்கக்கூடாது, எல்லாவற்றையும் புரோகிராமே அழிக்கட்டும் என்றார் மல்ஹோத்ரா. முதலில் எதெல்லாம் அழியும் என்று ஒத்திகை ஓட்டிப் பார்க்கலாம் என்றேன். நேரமில்லை என்றார். ஓட்டினேன். நான்தான் ஓட்டினேன்.

மறுநாளிலிருந்து பணியாளர் பிரிவில், ஊழியர்களின் பணி விவரம் இருக்கும் பழைய சர்வீஸ் புக் எதைத் திறந்தாலும் வெள்ளைப் பக்கம். அங்கிருந்த எல்லாக் கம்ப்யூட்டருக்கும் அனுமதி சரியாக இருந்தது. என் திரை பச்சையாகவே இருந்தது. அழிந்த எண்களில் எது எந்த மெஷின் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. எல்லாவற்றையும் திருப்பிப் போட்டுவிடலாம் என்றால், ஆய்வைக் காரணம் காட்டி மல்ஹோத்ரா விடவில்லை. இப்படியே மூன்று நாள்.

மூன்றாம் நாள் அந்தப் பிரிவுக்கு நேரில் போனேன். கவுன்டரில் ஓர் அம்மா நின்றிருந்தார். டிரைவராக இருந்த கணவர் பணியில் இருக்கும்போதே இறந்துவிட்டார். கருணை அடிப்படையில் மகளுக்கு வேலை கேட்டு மனுப் போட அன்றுதான் கடைசி நாள். அதோடு சர்வீஸ் புக் நகல் இணைக்க வேண்டும். ரிகார்டு இல்லை, நாளைக்கு வாங்க என்று கவுன்டரில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் போனில் தமிழ் பேசியதைக் கேட்டு அவர் என் பக்கம் திரும்பினார்: "இருபத்திரண்டு வருஷம் வண்டி ஓட்டினாரும்மா. கம்ப்யூட்டர்ல வரலைன்னா அவரு வேலையே பார்க்கலைன்னு ஆயிடுமா?"

குடோனுக்கு ஒரு போன்

மாடிப்படியில் நின்று முருகேசனைக் கூப்பிட்டேன். குடோன் இரைச்சலுக்கு நடுவே ஒரே மூச்சில் சொன்னார். ஜன்னலோரம் மேஜைக்கு அடியில் தூசி படிந்த ஒரு பழைய மெஷின் இருக்கிறது, ஸ்கேன் செய்த பக்கங்களை மற்றக் கம்ப்யூட்டர்களுக்கு எடுத்துக் காட்டுவது அதுதான், அதற்கு யாரும் விண்ணப்பம் தரவில்லை என்பதால் அவரே கையால் அனுமதி போட்டுவைத்தாராம். எண்ணைக்கூட மனப்பாடமாகச் சொன்னார். பட்டியலில் சேர்த்தேன். மூன்று நிமிஷத்தில் பக்கங்கள் வந்தன. அதற்குள் கவுன்டரை மூடிவிட்டார்கள். அந்த அம்மா போய்விட்டிருந்தார். மனு அடுத்த கமிட்டிக்குத் தள்ளிப்போனது. அந்தக் கமிட்டி கூடியதாக இன்றுவரை எனக்குத் தகவல் இல்லை.

இந்த மெஷினைப் பற்றி ஏன் முன்பே சொல்லவில்லை என்று அவரிடம் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. "கடைசி நாள் அதைச் சொல்லத்தான் வந்தேன் அக்கா. நீங்க போன்ல இருந்தீங்க."

அறிக்கை

விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. 'முன்னாள் ஊழியர் விதிமுறைக்குப் புறம்பாகக் கொடுத்த அனுமதியால் ஏற்பட்ட குழப்பம்' என்று மல்ஹோத்ரா சொல்லச் சொல்ல நான் டைப் செய்ய வேண்டும். இது அநியாயம் சார், தப்பு ஒத்திகை பார்க்காத நம்முடையது, சரிசெய்ததே அவர்தான் என்று பத்து நிமிஷம் வாதாடினேன். பதினோராவது நிமிஷம் டைப் செய்தேன். எனக்கும் அடுத்த மாதம் காண்ட்ராக்ட் புதுப்பிக்க வேண்டியிருந்தது. மல்ஹோத்ரா படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடினார்: "வேலையை விட்டுப் போனவன்தானே வசந்தி ஜி, அவனுக்கு இதுல என்ன குறைஞ்சுடப் போகுது?"

எங்கள் தொழிலில் யார் எதைத் திறக்கலாம் என்று ஒரு வரியில் எழுதிவிடலாம், யார் வாயைத் திறக்கலாம் என்பதுதான் எந்தப் பட்டியலிலும் இல்லை.