சுட்டியின் கடைசிப் பக்கம்

மீனாட்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் ரஜீனா இரண்டாம் வகுப்பு டீச்சர். வேலந்தாவளத்தில் மளிகைக்கடை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவள். அவள் வகுப்புப் பிள்ளைகள் பாடத்தை மனப்பாடமாகச் சொல்வார்கள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக் கொடுத்தாலும் சொல்வார்கள். படிக்க மட்டும் வராது.

ஒரு இணையதளத்தில் நாமே படக்கதை செய்யலாம் என்று ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டதிலிருந்து அவளுக்கு அதே யோசனை. முதலில் செய்த புத்தகத்தில், அந்தத் தளத்தில் ரெடியாகக் கிடைத்த, புகைபோக்கி வைத்த வெளிநாட்டு வீட்டுப் படத்தைப் போட்டாள். "ஊட்டு மேல எதுக்குங்க டீச்சர் பொகை போகுது?" என்று வகுப்பே சிரித்தது. 'கொம்பு' என்று அடித்தால் எழுத்து பிய்ந்து பிய்ந்து வந்தது. எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்த்துச் சரிசெய்தாள். படங்களைத் தன் போனிலேயே எடுக்கத் தொடங்கினாள்.

வகுப்பில் வாயே திறக்காதவள் மோனிஷா. ஆனால் அவள் வீட்டில் நெற்றியில் வெள்ளைச் சுட்டியோடு ஒரு கன்றுக்குட்டி இருந்தது; அதன் பெயரும் சுட்டிதான். அதோடு மட்டும் ஓயாமல் பேசுவாள். அவள் அப்பா ஆறுச்சாமியிடம் கேட்டுக்கொண்டு, ஒரு சனிக்கிழமை ரஜீனா போய்ப் படமெடுத்து வந்து புத்தகமாக்கினாள்.

திங்கட்கிழமை லேப்டாப் திரையில் சுட்டி வந்ததும் மோனிஷா தானாகவே எழுந்து முன்னால் வந்தாள். விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். ரஜீனாவுக்கு மூச்சுவிடவே பயமாக இருந்தது. கடைசிப் பக்கத்தில் குழந்தை நின்றுவிட்டது. 'சுட்டி எங்கள் வீட்டில் இருக்கிறது' என்பதுதான் அங்கிருந்த வரி.

எழுத்து கடினமாக இருக்கிறதோ என்று, "இ... ரு..." என்று ரஜீனா எடுத்துக் கொடுத்தாள்.

"தெரியுதுங்க டீச்சர். ஆனா அது இப்ப இல்லீங்க. நேத்து மாட்டு யாவாரி வந்து வாங்கீட்டுப் போயிட்டாரு."

லேப்டாப்பை மூடிவிடலாமா என்று ரஜீனா நினைத்தாள். "இதை அழிச்சுடட்டுமா கண்ணு?"

"அழிச்சுருங்க. வேற எழுதுங்க."

"என்ன எழுத?"

மோனிஷா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு சொன்னாள்: "சுட்டி வண்டீல போச்சு. திரும்பித் திரும்பிப் பாத்துச்சு."

பாடப்புத்தகத் தமிழுக்கு மாற்றாமல், சொன்னபடியே ரஜீனா அடித்தாள். அதற்குப் படம் இல்லை. மோனிஷாவே பென்சிலால் ஒரு வண்டியும் நான்கு காலும் வரைந்தாள். ரஜீனா அதைப் போனில் எடுத்து ஏற்றினாள். குழந்தை அந்த இரண்டு வரியையும் தடுமாறாமல் படித்தது. படித்து முடித்தபின்தான் அழுதது. ரஜீனா அவளை மடியில் உட்காரவைத்துக்கொண்டு மற்ற பிள்ளைகளைப் படிக்கச் சொன்னாள்.

சாயங்காலம் ஆறுச்சாமி பள்ளி வாசலில் நின்றார். "ஏனுங்க டீச்சர், புள்ள படிச்சுதுங்களா?"

"நல்லாப் படிச்சாங்கண்ணா. பாருங்க." போனை நீட்டினாள்.

அவர் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளினார். கடைசிப் பக்கத்தின் இரண்டு வரியையும் வாய்விட்டுப் படித்தார். "காளக்கன்னுங்க, வெச்சுத் தீனி போட முடியலீங்க" என்றார் மெதுவாக. பிறகு, "இவ பாத்துட்டு இருந்தது எனக்குத் தெரியாதுங்க" என்றார்.

இப்போதெல்லாம் ரஜீனா முதலில் வரி எழுதுவதில்லை. பிள்ளைகள் சொல்லச் சொல்ல அடிக்கிறாள். தங்கள் வாயிலிருந்து வந்த சொல் என்பதால் அவர்கள் எழுத்தைப் பார்த்தே படிக்கிறார்கள். மோனிஷா அடுத்ததாகப் பால் சொசைட்டிப் பூனையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்தக் கதை இன்னும் முடியவில்லை.