சனியைப் பார்த்த கண்

எங்கள் அம்மா சனி என்ற பெயரை வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். சனிக்கிழமைகூட அவளுக்கு 'வெள்ளிக்கு மறுநாள்'தான். ஆனால் என்னைத் திட்டும்போது மட்டும் 'சனியனே' என்பது தங்குதடையில்லாமல் வரும். அதில் தெய்வக் குற்றம் கிடையாது போலிருக்கிறது.

அப்பேர்ப்பட்ட வீட்டில் பிறந்த நான், ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது, சனிக்கோளின் வளையத்தைப் பார்த்தே தீருவது என்று கிளம்பினேன். விருதுநகர் கண்ணாடிக் கடையில் ஒரு லென்ஸ் வாங்கினோம். கண் வைக்கிற பக்கத்துக்கு அப்பாவின் லென்ஸ். அப்பாவுக்கு சிவகாசியில் ஆப்செட் அச்சகத்தில் வேலை. பட்டாசு லேபிளில் கலர் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கிற குட்டி லென்ஸ் அது. திங்கட்கிழமை காலையில் அது அச்சகத்துக்குத் திரும்பப் போயாக வேண்டும். வெடிக்குச் சுற்றும் காலி அட்டைக் குழாய்களை மாமா கொண்டுவந்தார். மூன்றை ஒட்டியதும் என் தொலைநோக்கி தயார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பட்டாசுக் கம்பெனிக் குடோனில் லோடு ஏற்றுகிறவர். முந்தைய சீசனில் மருந்து தெறித்து இடது கண்ணில் பார்வை போய்விட்டது. பார்க்க நல்ல கண் போலத்தான் இருக்கும், வெளிச்சம்கூடத் தெரியாது. ஏழரைச் சனிதான் கண்ணைப் பறித்தது என்பது அம்மாவின் முடிவு. கம்பெனிக்காரர்களும் அதை மறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்ந்ததும் மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டிக் குழாயோடு தொலைநோக்கியைக் கட்டினேன். அப்பாவின் போனில் ஆப் காட்டிய இடத்தில் மங்கலான மஞ்சளில் சனி நின்றது. நான் கண்ணை வைக்கக் குனியவும் அம்மா மாடியேறி வரவும் சரியாக இருந்தது.

"எதைட்டி பாக்கப் போற?"

சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"நாம பாத்தா அது நம்மளப் பாக்கும்ட்டி! உங்க மாமனப் பாத்தது போதாதா? மொதல்ல அவுத்துப் போடு அத."

வேண்டுமானால் குருவைப் பார்க்கட்டுமே என்று அப்பா சமாதானம் பேசினார். குரு எப்போதோ மறைந்துவிட்டிருந்தார். விடிந்தால் லென்ஸ் போய்விடும். நான் அழுதேன். சிணுங்கல் இல்லை, தெருவுக்கே கேட்கிற அழுகை. வேலை முடிந்து வந்த மாமா அதைக் கேட்டுத்தான் மேலே வந்தார்.

"அக்கா, என்னைய அது ஏற்கெனவே பாத்துட்டுப் போயிருச்சு. திருப்பி நான் பாத்தா என்ன செஞ்சுரும்? மொதல்ல நான் பாக்கேன். எனக்கு ஒண்ணும் ஆகலைன்னா புள்ள பாக்கட்டும்."

"வேணாம்லே. இருக்கிற ஒண்ணையும்..." அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஒரு கண்ண மூடிக்கிடணும் மாமா," என்று நான் பாடம் நடத்தினேன். அவர் சிரித்துவிட்டு, வலது உள்ளங்கையால் வலது கண்ணை நன்றாகப் பொத்திக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் அப்படியே நின்றார்.

"ஏயப்பா! வளையத்தப் போட்டுக்கிட்டு மாப்பிள கணக்கா நிக்கானே!"

அம்மா ஓடிப்போய் அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். "கண்ணு தெரியுதாலே?"

"தெரியுது. நீ அழுறது தெரியுது."

அப்புறம் என் முறை. சனி அதற்குள் நகர்ந்திருந்தது. குழாயை அசைத்து அசைத்துத் தேடிப் பிடித்தேன். இருபுறமும் காது முளைத்த ஒரு சின்னப் பொட்டு, நடுங்கிக்கொண்டு நின்றது. மூச்சு விட்டால் ஓடிவிடுமோ என்று பயமாக இருந்தது. எனக்கு அம்புட்டு சந்தோஷம்!

அப்பா பார்த்துவிட்டு, கலர் தள்ளி விழுந்த லேபிளைப் பற்றிச் சொல்கிற மாதிரியே, "ரெஜிஸ்டர் வெலகிருக்கு. மஞ்சளும் நீலமும் ஒட்டல," என்றார். கடைசியில் அம்மாவே வந்து, கும்பிட்ட கையோடு ஒரு நொடி எட்டிப் பார்த்தாள். "எள்ளு கணக்கால்ல இருக்கு!" என்றாள். அதற்காக, வெள்ளிக்கு மறுநாள் எள் விளக்குப் போடாமல் விடவில்லை.

அன்று சாப்பிட்ட பிறகு, பகல் சூடு ஆறாத தரையில் மாமாவும் நானும் படுத்துக்கிடந்தோம். ஆனைக்குட்டம் பக்கம் ஏதோ கம்பெனியில் வெடித்துப் பார்த்த பச்சைப் பூ ஒன்று சத்தமில்லாமல் விரிந்து அணைந்தது. அதன் புகைக்கு மேலே சனி அசையாமல் இருந்தது. வளையம் எப்படி இருந்தது மாமா என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். பொன் வளையல் மாதிரி என்றார். அடுத்த தடவை, கோயில் குளத்தில் நிலா விழுந்த மாதிரி என்றார். என்னுடையதைவிட அவர் பார்த்த வளையம் அழகாக இருந்ததில் எனக்குப் பொறாமைகூட உண்டு. சனிக்கே பயப்படாதவர் எங்கள் மாமா என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

அவர் பொத்தியது நல்ல கண்ணை, குழாயில் வைத்தது பார்வை போன கண்ணை. விரல் இடுக்கு இல்லாமல் பொத்தியிருந்ததைப் பக்கத்தில் நின்று நான்தான் பார்த்தேன். அம்மாவைவிட அவருக்குத்தான் பயம் அதிகம் என்பதும், அந்தப் பயத்தோடுதான் எனக்காகக் குனிந்தார் என்பதும் அப்போது எனக்குத் தெரியவில்லை.